மீன் தொட்டியில் குட்டிப் புழுக்களும் பூச்சிகளும்: எந்த வரிசையில் ஒழிப்பது

கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ நெளிவதைப் பார்த்ததும் புதிதாக மீன் வளர்ப்பவர்கள் பலரும் நேராகக் கடைக்குப் போய், கிடைக்கிற மருந்தை வாங்கி வந்து ஊற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்த மருந்து அந்தப் புழுவுக்கானதாக இருக்காது. புழு அப்படியே இருக்கும், ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியா செத்துப்போகும், இரண்டு நாளில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

செய்ய வேண்டிய வரிசை இது: என்ன உயிர் என்று பார்ப்பது, தீனியைக் குறைப்பது, அடித்தளத்தைச் சுத்தம் செய்வது, கையாலும் பொறியாலும் எடுப்பது. இவ்வளவும் செய்து போதாவிட்டால்தான் மருந்து. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வீட்டுத் தொட்டிகளில் தண்ணீர் ஆண்டு முழுக்க 26 முதல் 30 டிகிரி வரை இருக்கும். ஹீட்டர் தேவையில்லை என்பது நமக்கு வசதி. அதே வெப்பத்தில் இந்த உயிர்களும் வேகமாகப் பெருகும் என்பதால், தள்ளிப்போடாமல் தொடங்குங்கள்.

1. முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள்

தொட்டி விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பிளனேரியா பகலில் கல்லுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். இரவில்தான் கண்ணாடிக்கு வரும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, போன் கேமராவில் ஜூம் செய்து படம் எடுங்கள். ஒன்றிரண்டை ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி வெள்ளைச் சாஸரில் விட்டால் உருவம் தெளிவாகத் தெரியும்.

கழிவுப் புழு: மயிரிழைத் தடிமன், வெள்ளை நிறம். தண்ணீரில் நெளிந்து நீந்தும், கல்லுக்குள் நுழைந்துகொள்ளும். தலை என்று தனியாக எதுவும் தெரியாது. மீனுக்கோ இறாலுக்கோ கேடு செய்யாது. ஆனால் கூட்டமாக வெளியே வந்து மிதந்தால் அடியில் கழிவு அதிகம், ஆக்சிஜன் குறைவு என்று பொருள்.

பிளனேரியா: தட்டையான உடல், 5 முதல் 20 மி.மீ. நீளம். நெளியாது, கண்ணாடியில் ஒட்டி வழுக்கிக்கொண்டே நகரும். தலை முக்கோணமாக இருக்கும், அதில் இரண்டு கண் புள்ளிகள். இறால் குஞ்சுகளையும் மீன் முட்டைகளையும் தின்னும். தலை உருண்டையாக, 2 அல்லது 3 மி.மீ. நீளத்தில் வழுக்கி நகரும் குட்டி வெள்ளைப் புழுக்கள் வேறு இனம். அவற்றால் தொல்லை இல்லை. முக்கோணத் தலையைப் பார்க்காமல் பிளனேரியா என்று முடிவு செய்யாதீர்கள்.

ஹைட்ரா: ஒரு முனை கண்ணாடியிலோ செடியிலோ ஒட்டியிருக்கும், மறுமுனையில் நூல் நூலாகக் கைகள் விரிந்திருக்கும். வெள்ளை, பழுப்பு, பச்சை நிறங்களில் வரும். குச்சியால் தொட்டால் சட்டென்று சுருங்கிப் புள்ளியாகிவிடும். அடையாளம் காண இந்தச் சோதனை போதும். கைகளில் கொட்டும் செல்கள் இருப்பதால் பிறந்து சில நாளான மீன் குஞ்சுகளையும் இறால் குஞ்சுகளையும் பிடித்துத் தின்றுவிடும். பெரிய மீனை ஒன்றும் செய்யாது.

தாவித் தாவி நகரும் வெள்ளைப் புள்ளிகள் சைக்ளாப்ஸ் வகையைச் சேர்ந்தவை. விதை போன்ற ஓட்டுடன் உருளுவது ஆஸ்ட்ரகாட். இரண்டுமே மீனுக்கு நல்ல தீனி. அப்படியே விட்டுவிடுங்கள்.

புள்ளிகள் மீனின் உடலிலேயே இருந்தால் அது நோய். அதற்கு வைத்தியம் வேறு. இங்கே சொல்லும் மருந்தை அதற்குப் போடாதீர்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

10 மி.லி. சிரிஞ்சு இரண்டு (ஊசி வேண்டாம்), சைஃபன் குழாய், இந்தத் தொட்டிக்கென்றே ஒரு வாளி, டார்ச், ஆன்டி குளோரின், அமோனியா டெஸ்ட் கிட், கூடுதலாக ஒரு ஏர் பம்ப். மழைக்காலத்தில் மின்சாரம் நின்றால் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் இருந்தால் நல்லது. நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமும் உண்டு. மருந்து போட்ட இரவில் மூன்று மணி நேரம் மின்வெட்டு வந்தால் மீனைக் கொல்வது மருந்தல்ல, ஆக்சிஜன் குறைவுதான்.

தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று இப்போதே கணக்குப் போட்டு எழுதி வையுங்கள். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். கடையில் ‘இரண்டடித் தொட்டி’ என்று விற்பது பெரும்பாலும் 60 × 30 × 30. நிரம்பினால் 54 லிட்டர். மேலே விட்ட இடைவெளி, கல், மரக்கட்டை எல்லாம் கழித்தால் 45 லிட்டர்தான் தேறும். மருந்தை இந்த 45-க்குத்தான் அளக்க வேண்டும்.

3. தீனியைக் குறையுங்கள்

புழு பெருகினால் அதற்குத் தீனி கிடைக்கிறது என்று அர்த்தம். மீன் தின்னாமல் விட்ட தீனி கல்லுக்குள் இறங்கி, கழிவுப் புழுவுக்கும் நத்தைக்கும் பிளனேரியாவுக்கும் போய்ச் சேருகிறது.

ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவு மட்டும் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் எதுவும் போடாதீர்கள். வளர்ந்த மீனுக்கு அதனால் ஒரு குறையும் வராது. வீட்டில் பலர் தீனி போடுவார்கள் என்றால், டப்பாவை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். காலையில் அம்மா, பள்ளி விட்டு வந்ததும் பிள்ளைகள், இரவில் அப்பா என்று மூன்று கை போடும் தொட்டியில் வேறு எது செய்தாலும் புழு குறையாது.

குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் போன்ற உயிர்) முட்டைகளைப் பொரிக்கவைத்துப் போடுகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஹைட்ராவுக்கு அதைவிடப் பிடித்த தீனி கிடையாது. ஹைட்ராவைக் கண்டுவிட்டால் குஞ்சுகளைக் கல் இல்லாத வெறும் பாத்திரத்துக்கு மாற்றி, ஆர்ட்டீமியாவை அங்கே கொடுங்கள்.

தீனி குறைத்த பத்து, பதினைந்து நாளில் கழிவுப் புழு கண்ணில் படுவது குறைந்துவிடும். பிரச்சினை அது மட்டும்தான் என்றால் அடுத்த பகுதியோடு உங்கள் வேலை முடிந்தது.

4. அடித்தளத்தைப் பாதி பாதியாகச் சுத்தம் செய்யுங்கள்

சைஃபன் வாயைக் கல்லுக்குள் ஒரு அங்குலம் இறக்கி, அழுக்கு மேலே வரும்வரை பிடித்து, அடுத்த இடத்துக்கு நகருங்கள். ஒரு தடவைக்கு அடித்தளத்தில் பாதி, தண்ணீரில் 25 முதல் 30 சதவீதம். நான்கு நாள் கழித்து மறுபாதி. மொத்தக் கல்லையும் வெளியே எடுத்துக் குழாயடியில் அலசினால், கழிவை அமோனியாவிலிருந்து நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவில் பெரும்பகுதி போய்விடும். பிறகு தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி, மீன் சோர்ந்துபோகும்.

ஃபில்டர் ஸ்பாஞ்சையும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். மாற்றும் தண்ணீருக்கு ஆன்டி குளோரின் போடாமல் ஊற்றக் கூடாது. கிணற்று நீரில் குளோரின் தொல்லை இல்லை. ஆனால் அதில் ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம் என்பதால் வாளியில் ஒரு இரவு ஏர் கல் போட்டு வைத்து ஊற்றுங்கள். கடலோரக் கிணறு என்றால் உப்பு கரிக்கிறதா என்று முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள்.

மருந்துக்கு முன்னால் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். கல்லுக்குள் எண்ணற்ற புழுக்கள் இருக்கும்போது மருந்து போட்டால், எல்லாம் ஒரே நேரத்தில் செத்து அழுகி அமோனியா ஏறும். ‘மருந்து போட்டேன், மீன் செத்தது’ என்று சொல்லப்படுவதில் பல இப்படி நடப்பவைதான்.

5. கையாலும் பொறியாலும் எடுங்கள்

ஹைட்ராவையும் பிளனேரியாவையும் நசுக்கவோ, பிளேடால் சுரண்டவோ கூடாது. வெட்டுப்பட்ட துண்டு ஒவ்வொன்றும் தனி உயிராக வளரும். பாசி சுரண்டும் பிளேடைக் கண்ணாடியில் ஓட்டி ஹைட்ராவைப் பத்து மடங்காக்கியவர்கள் நிறைய.

ஹைட்ராவுக்கு: ஃபில்டரை நிறுத்துங்கள். சிரிஞ்சின் வாயை அதன் அடிப்பகுதிக்கு மிக அருகில் வைத்து, ஒரே இழுப்பில் உறிஞ்சுங்கள். தொட்டுவிட்டால் சுருங்கி இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி விரிந்ததும் முயலுங்கள். உறிஞ்சியதை வெந்நீரில் விடுங்கள்.

பிளனேரியாவுக்குப் பொறி: மூடியுள்ள சின்னப் பிளாஸ்டிக் குப்பி ஒன்றில், சூடான ஆணியால் 2 மி.மீ. துளைகள் நான்கைந்து போடுங்கள். துளை அதைவிடப் பெரிதானால் இறால் குஞ்சு உள்ளே போய் மாட்டும். குப்பிக்குள் மிளகளவு பச்சை மீன் துண்டு வையுங்கள். குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து வரும் நெத்திலியில் ஒரு துண்டு போதும். கருவாடு வேண்டாம், அதில் உப்பு அதிகம். குப்பியைத் தண்ணீரால் நிரப்பி, கல் மேல் படுக்கவைத்து விளக்கை அணையுங்கள். இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து டார்ச்சை ஒரு கணம் மட்டும் அடித்துப் பார்த்தால், மீன் துண்டின் மேல் வெள்ளையாக மொய்த்திருப்பது தெரியும். துளைகளை விரலால் பொத்திக்கொண்டு குப்பியை வெளியே எடுத்து வெந்நீரில் போடுங்கள். வெளிச்சம் வந்தால் புழு வெளியேறிவிடும் என்பதால் விடியும் முன் எடுத்தாக வேண்டும். இறைச்சித் துண்டு ஒரு நாள் கிடந்தாலும் தண்ணீர் கெட்டுவிடும்.

தொடர்ந்து ஏழெட்டு இரவு வைத்தால் எண்ணிக்கை நன்றாகக் குறையும். முழுவதும் ஒழியாது. இறால் வளர்க்காத தொட்டிக்கு இந்த அளவே போதும், அதற்குமேல் மருந்து வேண்டாம் என்பதே சரியான முடிவு. ஹைட்ராவுக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு. நீல கௌராமி மீன் அதைத் தின்னும். ஆனால் அது இறால் குஞ்சையும் தின்னும், சின்ன மீன்களை விரட்டும். பெரிய மீன்கள் உள்ள தொட்டிக்கே அது பொருந்தும்.

6. மருந்து: ஃபென்பெண்டசோல்

இறால் தொட்டியில் பிளனேரியா, குஞ்சுத் தொட்டியில் ஹைட்ரா என்றால் மருந்து நியாயம். கால்நடை மருந்துக் கடையில் ஃபென்பெண்டசோல் 150 மி.கி. மாத்திரை கிடைக்கும். நாய்க்குக் குடல்புழு நீக்கக் கொடுப்பது. வேறு மருந்து எதுவும் கலக்காத, ஃபென்பெண்டசோல் மட்டும் உள்ள மாத்திரையாகப் பார்த்து வாங்குங்கள். கலவை மாத்திரைகளும் அதே அலமாரியில் இருக்கும்.

போடுவதற்கு முன் மிஸ்ட்ரி நத்தை, ஆப்பிள் நத்தை, நெரைட் நத்தை இருந்தால் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். இந்த மருந்து அவற்றைக் கொன்றுவிடும். மருந்தின் மிச்சம் கல்லில் பல வாரம் தங்கும் என்பதால் அவற்றை அவசரப்பட்டுத் திருப்பி விடவும் கூடாது. இறாலும் மீனும் இந்த அளவைத் தாங்கும். ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிக்கொள்ளும்.

அளவு: லிட்டருக்கு 0.5 மி.கி. மாத்திரையைக் கண்ணால் பார்த்துத் துண்டு போட்டு அளக்க முடியாது. இப்படிச் செய்யுங்கள். ஒரு மாத்திரையை மாவாக இடித்து 150 மி.லி. தண்ணீரில் கலக்குங்கள். இப்போது 1 மி.லி.யில் 1 மி.கி. மருந்து. 45 லிட்டர் தொட்டிக்கு 22 மி.லி. இந்த மருந்து தண்ணீரில் கரையாது, தூளாகவே மிதந்து அடியில் படியும். ஆகவே ஒவ்வொரு முறை சிரிஞ்சில் எடுக்கும் முன்பும் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காமல் மேல் தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று இரண்டு மடங்கு போடுவதுதான் இந்தக் கட்டத்தில் அதிகம் நடக்கும் தவறு.

முதல் நாள் மாலை, ஃபில்டர் ஓடும் இடத்தில் சிறிது சிறிதாக விடுங்கள். கூடுதல் ஏர் பம்பைப் போடுங்கள். தீனி வேண்டாம். மூன்றாம் நாள் செத்த புழுக்களைச் சைஃபனில் இழுத்து, 30 சதவீதத் தண்ணீர் மாற்றி, பாதி அளவு மருந்தை மறுபடி விடுங்கள். ஆறாம் நாள் பாதித் தண்ணீர் மாற்றுங்கள். இடையில் தினமும் அமோனியா பாருங்கள். கிட்டில் 0.5 ppm-ஐத் தொட்டால் நாள் கணக்கைப் பார்க்காமல் உடனே தண்ணீர் மாற்றுங்கள்.

ஹைட்ரா ஓரிரு நாளில் சுருங்கி உதிரும். பிளனேரியாவுக்கு மூன்று, நான்கு நாள் ஆகும். பிளனேரியாவின் முட்டைக்கூட்டை மருந்து நம்பகமாகக் கொல்லாது. எனவே இரண்டு வாரம் கழித்து ஒரு இரவு பொறி வைத்துப் பாருங்கள். புதிதாகக் குட்டிகள் வந்திருந்தால் மட்டும் இன்னொரு முறை.

பிளனேரியாவுக்கு விற்கும் சில தூள்கள் பாக்கிலிருந்து எடுத்தவை. பாக்கிலுள்ள அரிக்கோலின் புழுவைச் செயலிழக்கச் செய்யும். தோட்டத்தில் கமுகு நிற்கிறதே என்று பச்சைப் பாக்கை அரைத்து ஊற்றிவிடாதீர்கள். ஒரு காய்க்கும் மறு காய்க்கும் அளவு மாறும், கறையும் கூழும் தண்ணீரைக் கெடுக்கும். கல் உப்பும் மெத்திலீன் ப்ளூவும் இதற்கு உதவாது. செடி தாங்கும் அளவு உப்பில் பிளனேரியா சாகாது. மெத்திலீன் ப்ளூ நல்ல பாக்டீரியாவையும் செடியையும் கெடுக்கும்.

மருந்துத் தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. தென்னை மூட்டில், மண்ணில் ஊற்றுங்கள்.

7. நத்தைக்கு மருந்து வேண்டாம்

செம்புச் சத்துள்ள நத்தை மருந்து இறாலை நத்தைக்கு முன்பே கொன்றுவிடும். செத்த நத்தைகள் கல்லுக்குள் அழுகும் நாற்றம் வேறு. விளக்கை அணைக்கும் முன் வேகவைத்த வெள்ளரித் துண்டையோ முட்டைக்கோஸ் இலையையோ ஒரு கரண்டியில் கட்டி இறக்குங்கள். காலையில் மொய்த்திருப்பதை அப்படியே எடுத்துவிடுங்கள். இலையடியில் பசை போல ஒட்டியிருக்கும் முட்டைக் குவியலை நகத்தால் வழித்து எடுங்கள். தீனி குறைந்த தொட்டியில் இரண்டு மாதத்தில் நத்தை கட்டுக்குள் வரும். பத்துப் பதினைந்து நத்தை மிச்சமிருந்தால் பாசி தின்னட்டும், விட்டுவிடுங்கள்.

நத்தை தின்னும் குட்டிப் பஃபர் மீனை வாங்கச் சொல்வார்கள். கேரளத்து ஆறுகளின் மீன் அது. அறிவியல் பெயரிலேயே திருவிதாங்கூர் இருக்கிறது. நத்தையை நன்றாகத் தின்னும். ஆனால் கப்பி, ஃபைட்டர் மீன்களின் வாலையும் கடித்து நார் நாராக்கும். தனித் தொட்டியும் உயிர்த்தீனியும் கொடுக்க முடிந்தவர்கள் மட்டும் வளர்க்கலாம்.

எடுத்த நத்தைகளை உயிரோடு குளத்தில் விடாதீர்கள். வெந்நீரில் போட்டு மண்ணில் புதையுங்கள்.

8. தட்டான், அட்டை, கொசு

குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன, புழு எதுவும் தென்படவில்லை என்றால் தட்டானின் இளம்பூச்சியைத் தேடுங்கள். ஊசித்தட்டான் குஞ்சின் உடல் மெலிந்து, வாலில் மூன்று இலை போன்ற செவுள்கள் இருக்கும். பெரிய தட்டானுடையது தடித்துக் குட்டையாக, பழுப்பாக இருக்கும். இது கீழ்த்தாடையை நீட்டிக் குஞ்சைக் கவ்வும். செடித் தண்டுக்குள் முட்டையாக வந்து சேரும். ஃபென்பெண்டசோலை நம்பிப் பயனில்லை. செடிகளை ஒவ்வொன்றாக வெள்ளைத் தட்டின் மேல் உதறி, கையால் எடுப்பதுதான் வழி. அட்டைக்கும் அதே வழி.

திண்ணையிலும் மாடியிலும் இருக்கும் திறந்த தொட்டிகளில் கொசுப்புழு வரும். நாலைந்து கப்பி விட்டால் தின்று தீர்த்துவிடும். மீன் இல்லாத செடித் தொட்டிகளை வாரம் ஒரு முறை காலி செய்யுங்கள். டெங்கு பரப்பும் கொசு பெரும்பாலும் சுத்தமான தண்ணீரில் முட்டையிடும்.

9. மீன் உடலில் ஒட்டியிருந்தால்

தங்கமீன், கோய் மீன்களில் வட்டமாக, தட்டையாக, பாதி ஒளி ஊடுருவும்படி நகர்வது மீன் பேன். உடலிலிருந்து நூல் போலத் தொங்குவது நங்கூரப் புழு. ஈரத் துணியில் மீனைப் பிடித்து, மழுங்கிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக இழுங்கள். நங்கூரப் புழுவின் தலை உள்ளே அறுந்து நின்றால் புண்ணாகும். மீனைத் தனி வாளியில் வைத்துப் புண் ஆறும்வரை பாருங்கள். மீன் பேன் கண்ணாடியிலும் கல்லிலும் முட்டையிடும் என்பதால் தொட்டியை ஒரு மாதம் கண்காணிக்க வேண்டும். இவற்றுக்கான மருந்துகள் இறாலைக் கொல்பவை. இறால் உள்ள தொட்டியில் ஊற்றாதீர்கள்.

10. புதிய செடி நேராகத் தொட்டிக்குப் போகக் கூடாது

மேலே சொன்ன உயிர்களில் பெரும்பாலானவை செடியோடுதான் வீட்டுக்கு வருகின்றன. குளத்தில் வேலம்பாசி இலவசமாகக் கிடைக்கிறது என்று பறித்து வந்து அப்படியே போட்டால் தட்டான், அட்டை, நத்தை, ஹைட்ரா எல்லாம் ஒரே நாளில் வந்துசேரும். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தவை. அங்கே எதையும் பறிக்கவும் கூடாது, நம் தொட்டியிலிருந்து எதையும் விடவும் கூடாது.

வாங்கிய செடியின் கட்டு, ஸ்பாஞ்ச், ஈயப் பட்டை எல்லாம் அவிழ்த்து, ஓடும் தண்ணீரில் ஒவ்வொரு தண்டாக அலசுங்கள். மஞ்சள் இலைகளைக் கிள்ளி எறியுங்கள். முட்டை அதிகம் ஒட்டியிருப்பது அவற்றில்தான்.

பிறகு நனைப்பு. 1 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து வையுங்கள். 10 லிட்டர் வாளித் தண்ணீருக்கு அதில் 100 மி.லி. நிறம் அடர்ந்த இளஞ்சிவப்பாக வரும். செடியைப் பத்து நிமிடம் முக்கி எடுங்கள். ஜாவா மாஸ் போன்ற மெல்லியவற்றுக்கு ஐந்து நிமிடம் போதும். ஐந்து நிமிடத்துக்குள் நிறம் பழுப்பாகிவிட்டால் செடியில் அழுக்கு அதிகம், மருந்து தீர்ந்துவிட்டது. இன்னொரு முறை அலசிப் புதிதாகக் கலக்குங்கள். கையுறை போடாவிட்டால் விரலில் கறை சில நாள் நிற்கும். பெர்மாங்கனேட் கிடைக்காவிட்டால் 4 லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் படிகாரம் கரைத்து மூன்று மணி நேரம் ஊறவையுங்கள். இரண்டுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் இரண்டு, மூன்று முறை அலச வேண்டும்.

நனைப்பு முட்டைகள் எல்லாவற்றையும் கொல்லாது. ஆகவே செடியை மீன் இல்லாத வாளியில், வெளிச்சம் படும் இடத்தில், கொசுவலை மூடி மூன்று வாரம் வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் நத்தை முட்டை ஒன்றிரண்டு வாரத்தில் பொரிந்துவிடும். வாரம் ஒரு முறை இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஏதாவது ஊர்ந்தால் நனைப்பைத் திரும்பச் செய்து, மூன்று வாரத்தை அந்த நாளிலிருந்து மறுபடி எண்ணுங்கள். இந்த வாளிக்கு வலை, சைஃபன், சிரிஞ்சு எல்லாம் தனியாக இருக்க வேண்டும். முடியாவிட்டால் பயன்படுத்தியவற்றை வெந்நீரில் முக்கி, இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே பெரிய தொட்டிக்குள் இறக்குங்கள்.